யூகான் ப்ளூ பிளட்டா இல்லையா? வட கரோலினாவின் கேரிக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு விஷயம். காலேஜ் பையன்கள் ஆடும் பாஸ்கெட்பாலுக்காக ஆபீஸில் நாற்பது ஐம்பது வயது ஆட்கள் சாப்பாட்டு டேபிளில் ஏன் இப்படிக் கத்திக்கொள்கிறார்கள் என்பது ஒன்று. அவர்கள் சொல்லும் அந்த ‘ப்ளூ பிளட்’ (பரம்பரைப் பெருமை உள்ள பெரிய அணிகள்) வரிசையில் யூகான், அதாவது கனெக்டிகட் பல்கலைக்கழகம், சேருமா சேராதா, நீங்கள் யார் பக்கம் பேசுவது என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். வட கரோலினாவுக்கு என்பிஏ (தொழில்முறை லீக்) அணி வந்ததே 1988இல்தான், அதுவும் சார்லட்டுக்கு. அதற்கு முன் பல தலைமுறையாக இங்கே பாஸ்கெட்பால் என்றால் காலேஜ்தான். நீங்கள் குடியிருக்கும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள்: டர்ஹமில் டியூக், சேப்பல் ஹில்லில் யூஎன்சி (வட கரோலினா பல்கலைக்கழகம்), ராலேயில் என்.சி. ஸ்டேட். டியூக்குக்கும் யூஎன்சிக்கும் நடுவே பத்து மைல் இருந்தால் அதிகம். இந்த மூன்றும் சேர்ந்து 13 தேசிய சாம்பியன் பட்டங்கள் (மார்ச்சில் தொடங்கும் டோர்னமென்டில் கிடைப்பது) வாங்கியிருக்கின்றன. ஒரே வீட்டில் அப்பா ஒரு காலேஜ், மகள் ஒரு காலேஜ் என்று இருப்பார்கள், அந்த வீட்டில் பிப்ரவரி, மார்ச் எப்படிப் போகும் என்று நான் சொல்லவே வேண்டாம். அதனால் வாயைத் திறக்கும் முன் எதிரில் இருப்பவர் எங்கே படித்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வரிசைக்கு வருவோம். வழக்கமாகச் சொல்லும் பெயர்கள் கென்டகி, கன்சாஸ், யூஎன்சி, டியூக், அப்புறம் யூசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சல்ஸ்), இண்டியானா. பட்டத்தை மட்டும் எண்ணினால் இந்தக் கணக்கு இடிக்கும். கன்சாஸுக்கு இருப்பது 4 (1952, 1988, 2008, 2022), யூகானுக்கோ 1999இலிருந்து 2024க்குள்ளேயே 6. ஆனால் கன்சாஸ் ப்ளூ பிளட்டா என்று ஒருவரும் கேட்பதில்லை, கேள்வியெல்லாம் யூகானைப் பற்றித்தான். உங்களைக் குழப்பியதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

விஷயம் என்னவென்றால் இவர்கள் பட்டத்தோடு வம்சத்தையும் சேர்த்து எண்ணுகிறார்கள். 1891இல் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் கன்சாஸின் முதல் கோச். (ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகமாக உள்ள ஒரே கன்சாஸ் கோச்சும் அவர்தான், இதை ஒரு கன்சாஸ்காரரிடம் சொன்னால் அவரே சிரிப்பார்.) அவரிடம் ஆடியவர் ஃபாக் ஆலன், பிறகு அங்கேயே கோச் ஆனார். ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டகிக்குப் போய் 4 பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஆலனின் 1952 அணியில் இருந்த டீன் ஸ்மித் சேப்பல் ஹில்லுக்கு வந்து யூஎன்சியை 1961 முதல் 1997 வரை நடத்தினார், 1982 பைனலில் மைக்கேல் ஜோர்டன் போட்ட கடைசி ஷாட் அவர் காலத்தில்தான். ஸ்மித்தின் உதவிக் கோச் ராய் வில்லியம்ஸ் கன்சாஸில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு யூஎன்சிக்கே திரும்பி வந்து மூன்று பட்டம் வாங்கினார். டியூக் வேறு கிளை. 42 சீசன் அங்கே இருந்த கோச் கே, அதாவது மைக் ஷெஷெவ்ஸ்கி, ராணுவக் கல்லூரியில் பாப் நைட்டிடம் ஆடியவர், அந்த நைட்தான் பிறகு இண்டியானாவுக்கு 1976, 1981, 1987 பட்டங்களை வாங்கிக் கொடுத்தவர். எல்லாரும் சுற்றிச் சுற்றி உறவு. யூகானுக்கு இந்தச் சொந்தம் கிடையாது. 1986இல் ஜிம் கால்ஹூன் வந்து கிட்டத்தட்ட அடியிலிருந்து கட்டிய அணி அது, அதனால்தான் பழைய வீட்டுக்காரர்களுக்கு அதை உள்ளே விட மனசு வருவதில்லை.

என் கட்சியைக் கேட்டால் யூகான் உள்ளேதான். 1999இலிருந்து 2024 வரை எடுத்துக்கொண்டால் யூஎன்சி 3, டியூக் 3, கன்சாஸ் 2, கென்டகி 1, யூசிஎல்ஏவும் இண்டியானாவும் பூஜ்ஜியம். யூகான் 6. அந்த ஆறும் மூன்று வேறு கோச்கள் வாங்கியது: கால்ஹூன் மூன்று, கெவின் ஆலி 2014இல் ஒன்று, டான் ஹர்லி 2023, 2024 அடுத்தடுத்து. டியூக்கின் ஐந்து பட்டமும் ஒரே மனிதர் வாங்கியது. ஆள் மாறியும் ஜெயிக்கிறார்கள் என்றால் அது அந்த இடத்தின் பலம்தானே? பெண்கள் அணியையும் சேர்த்தால் பேச்சே இல்லை, 2025இல் அவர்கள் வாங்கியது 12ஆவது பட்டம்.

யூசிஎல்ஏ விஷயம் வேறு. ரஞ்சிக் கோப்பையைத் தொடர்ந்து 15 வருஷம் வைத்திருந்த பழைய பம்பாயை நினைத்துக்கொள்ளுங்கள், ஜான் வுடன் காலத்து யூசிஎல்ஏ அந்த மாதிரி: 1964க்கும் 1975க்கும் நடுவே 10 பட்டம், அதில் 7 தொடர்ச்சியாக. அதற்குப் பிறகு 1995இல் ஒன்றே ஒன்று. இருந்தாலும் 11 பட்டம் வைத்திருப்பவரை வெளியே போ என்று யார் சொல்வது? இண்டியானாவைத்தான் நான் எடுத்துவிடுவேன். 1976இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வாங்கிய அணி, அதன்பின் வந்த ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட யாரும் அதைச் செய்யவில்லை, எல்லாம் உண்மை. ஆனால் கடைசிப் பட்டம் 1987. பைனல் ஃபோர் (கடைசி நான்கு அணிகள்) பக்கம் கடைசியாக வந்ததே 2002இல். இதை நான் அந்த ஊர்க்காரர்களிடம் சொல்வதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.

ஒரு விஷயத்தைக் கவனித்தால் போதும், உங்களால் எந்தச் சண்டையிலும் கலந்துகொள்ள முடியும்: அவரவர் எண்ண ஆரம்பிக்கும் வருஷத்தைப் பாருங்கள். கென்டகிக்காரர் 1948இல் ஆரம்பிப்பார், யூகான்காரர் 1999இல். கன்ஸாகா ரசிகர் 1999இலிருந்து விடாமல் டோர்னமென்டுக்கு வருகிறோம் என்பார், பட்டம் எத்தனை என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். எந்த வருஷத்திலிருந்து என்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் டேபிள் கொஞ்ச நேரம் அமைதியாகும். கொஞ்ச நேரம்தான்.

சொல்லக்கூடாதது இரண்டு. டியூக்காரரிடம் 2022 ஏப்ரலை எடுக்காதீர்கள். பைனல் ஃபோரில் யூஎன்சியிடம் 81-77 என்று தோற்றதுதான் கோச் கேயின் கடைசி ஆட்டம். யூஎன்சிக்காரரிடம் 2016 பைனலை எடுக்காதீர்கள், கடைசி நொடியில் வில்லனோவா போட்ட மூன்று பாயிண்ட் இன்னும் அவர்களுக்கு ஆறவில்லை. என்.சி. ஸ்டேட்காரரிடம் எதைப் பற்றியும் பேசலாம், 2024இல் 11ஆம் சீடாக, அதாவது தரவரிசையில் கீழே இருந்து, போய் டியூக்கைத் தோற்கடித்து பைனல் ஃபோர் போனதை அவரே சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 68 அணிகளின் பட்டியல் வரும். ஆபீஸில் பிராக்கெட் தாள் (எந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று ஊகித்து நிரப்புவது) சுற்றிவரும், வெட்கப்படாமல் வாங்கி நிரப்புங்கள். முழுசாகச் சரியாக நிரப்பியவர் யாருமில்லை, அதனால் புதியவர் என்று யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். வியாழக்கிழமை மதியம் முதல் சுற்று தொடங்கும் முன் கொடுத்துவிடுங்கள், அன்றும் வெள்ளியும் மீட்டிங் மட்டும் வைத்துவிடாதீர்கள்.