நின்றால் நடுங்கும் பழைய கார்: கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் பழைய கார் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் தோட்டப் பட்டறையில் டிராக்டரோடு தொழிலைத் தொடங்கி, பிறகு பட்டணத்தில் கார் பார்த்தவன். 1985இல் வந்த சாகா, 1993இல் வந்த வீரா, 1994இல் வந்த கஞ்சில் என்ற மலேசியக் கார்கள் மூன்றையும் புதிதாக இருந்த நாளிலிருந்து பிரித்துப் பூட்டியிருக்கிறேன். பெட்ரோல் என்ஜின் மட்டுமே என் துறை.

லிந்தாங் பக்கத்துத் தம்பி: என்னுடையது வீரா 1.5, இன்ஜெக்‌ஷன். சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) காட்டும் முள் 500க்கும் 1,000க்கும் இடையே ஏறி ஏறி இறங்குகிறது. சில நேரம் என்ஜின் அணைந்துவிடுகிறது. பிளக், பிளக் வயர், பெட்ரோல் பில்டர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். 400 வெள்ளி போனதுதான் மிச்சம்.

தம்பி, அந்த 400 வெள்ளிதான் எனக்கு மனத்தாங்கல். பார்க்காமல் மாற்றாதீர்கள் என்று எத்தனை பேரிடம் சொல்வது?

என்ஜின் நடுக்கத்தில் இரண்டு வகை உண்டு. ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் நடுக்கம் ஒரே தாளத்தில் இருக்கும். சைலன்சர் வாயில் ‘தட், தட்’ என்று விட்டுவிட்டுக் கேட்கும். அங்கே பிளக்கையும் வயரையும் சந்தேகிக்கலாம். உங்களுடையது அப்படியில்லை. முள் ஊஞ்சல் ஆடுகிறது என்றால், பெரும்பாலும் கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே போகிறது, அல்லது ஐடில் மோட்டார் (மிதிக்காமல் நிற்கும்போது என்ஜினுக்குக் காற்றை அளந்து விடுவது) கரி பிடித்து மாட்டிக்கொள்கிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் சீராகிவிடுகிறதா? அப்படியானால் முதலில் காற்றுக் கசிவைத் தேடுங்கள்.

சென்ற ஆண்டு இதே குறையோடு ஒரு வீரா என்னிடம் வந்தது. வால்வு மூடியிலிருந்து இன்டேக்குக்குப் போகும் ரப்பர் குழாய், மேலே பார்த்தால் கறுப்பாக, நல்ல நிலையில் இருந்தது. அடிப்பக்கம் விரலை ஓட்டினேன். வளைவில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. விரலால் அழுத்தி மூடியதும் முள் 750இல் வந்து நின்றுவிட்டது. விரலை எடுத்தேன், மறுபடி ஆட்டம். குழாயின் விலை 12 வெள்ளி.

அரை மீட்டர் ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாகக் கொண்டுபோங்கள். கசிவு ‘ஸ்ஸ்’ என்று காதுக்குள் கேட்கும். விசிறியிலும் பெல்ட்டிலும் மட்டும் கவனம். பெட்ரோல் தெளித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சூடான எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு துளி பட்டால் கார் எரிந்துவிடும், அதைச் செய்யவே செய்யாதீர்கள். கசிவு இல்லையென்றால் த்ராட்டில் பாடியையும் ஐடில் மோட்டாரையும் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்யுங்கள். இவ்வளவும் செய்யும்போது கார் திறந்த வெளியில் நிற்கட்டும். மூடிய போர்ச்சில் என்ஜினை ஓடவிடாதீர்கள். எக்சாஸ்டில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

தோட்டத்துக் கிராணி ஒருவர்: செம்பனைக்கு அருகில் கார் நிற்கிறது. நேற்று வரை நன்றாக ஓடியது, இன்று காலையில் உதறுகிறது.

எலி, ஐயா. செம்பனைப் பழம் தின்னும் எலி இரவில் சூடான என்ஜின் மேல் வந்து படுக்கும்; பிளக் வயரைக் கடிக்கும். வயர்களை வெளிச்சத்தில் பாருங்கள். மாற்றும்போது இடம் மாறிவிடக் கூடாது. நான்கு சிலிண்டர் என்ஜின் என்றால் எரியும் வரிசை 1, 3, 4, 2.

கஞ்சில் வைத்திருக்கும் அக்கா: என் கார் நின்றாலே குலுங்குகிறது. பெரிய செலவாகுமா?

மூன்று சிலிண்டர் என்ஜின் அக்கா, கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும். அதிகமானால் என்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஜாலோங் பக்கத்திலிருந்து: ரோன்97 பெட்ரோல் ஊற்றினால் நடுக்கம் போகுமா?

போகாது. ஆக்டேன் எண் அதிகமானால் ‘நாக்’ அடிப்பது, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவது, குறையும். வெடித்த குழாய் ஒட்டிக்கொள்ளாது.

இன்னொருவர்: என் அப்பா தோட்டத்து லாரி ஓட்டியவர். என்ஜின் உதறினால் கார்புரேட்டரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார், கரி கழன்று சைலன்சர் வழியாக வந்துவிடும், வண்டி பூப்போல ஓடும். என் சாகாவுக்கும் செய்யலாமா?

இதற்கு என் பதிலை எழுதுமுன்பே நான்கு பேர் பதில் அனுப்பிவிட்டார்கள். “எங்கள் மாமாவும் செய்தார், பலன் கிடைத்தது” என்கிறார் ஒருவர். “இப்படிச் செய்துதான் கனெக்டிங் ராடு (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வளைந்தது” என்கிறார் மற்றொருவர். “பெரியவர்கள் அறியாமல் செய்யவில்லை” என்று மூன்றாமவருக்குக் கோபம். நான்காமவர் இன்ஜெக்‌ஷன் காரிலும் ஊற்றச் சொல்கிறார். அது எனக்கு அதிர்ச்சி.

உங்கள் அப்பா தவறானவர் அல்லர். தண்ணீர் நீராவியாகிக் கரியை இளக்குவது உண்மை. ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களுக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) போய்த் தண்ணீர் கசிந்த சிலிண்டரைத் திறந்து பாருங்கள். மற்ற மூன்று பிஸ்டனும் கறுத்திருக்க, அது மட்டும் கழுவித் துடைத்ததுபோல் மின்னும். நானே பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆனால் தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. 1.5 லிட்டர் என்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 50 மில்லிக்கும் குறைவு, அரைக் கோப்பைத் தேநீர்கூடப் பிடிக்காது. உங்கள் 1.3 சாகாவில் அதைவிடக் குறைவு. அதற்கு மேல் ஒரே நேரத்தில் தண்ணீர் போனால் ராடு வளையும். அந்தக் கால லாரி என்ஜினில் அழுத்த விகிதம் குறைவு, இடம் பெரிது. அப்பாவின் கையும் பழகிய கை, சொட்டுச் சொட்டாக விட்டிருப்பார். அந்தக் கை உங்களுக்கும் எனக்கும் வேண்டாம். அதோடு, உங்கள் உதறலுக்குக் கரிதான் காரணம் என்று யார் பார்த்தார்கள்? நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். இளம் பழுப்பு நல்லது. உலர்ந்த கறுப்பு, பெட்ரோல் அதிகம். எண்ணெய் ஈரம், உள்ளே எண்ணெய் ஏறுகிறது. மூன்று ஒரு நிறம், ஒன்று வேறு நிறம் என்றால் குறை அந்தச் சிலிண்டரில்தான்.

மூன்று பேர் கேட்டது: புகையின் நிறம் என்ன சொல்கிறது?

நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. காலையில் கிளப்பும்போது ஒரு மூச்சு மட்டும் வந்து நின்றால் வால்வு சீல். ஓட்டத்தில் மிதிக்க மிதிக்க வந்தால் பிஸ்டன் ரிங். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடுபவர்கள் முதலில் ஏர் பில்டரைத் தட்டிப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைக்கும். வெள்ளை, என்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

டீசல் பிக்கப் வைத்திருப்பவருக்கு: டீசல் பம்ப் பார்க்கும் பட்டறைக்குப் போங்கள், ஐயா.

ரோன்97 பற்றிக் கேட்ட மேலும் இருவருக்கு: மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

பள்ளி ஆசிரியை ஒருவர்: காலையில் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கிளப்பியதும் ‘டிக் டிக்’ சத்தம், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது.

இரண்டும் வேறு வேறு, டீச்சர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குளிர்ந்த குழாயில் அது சொட்டும், பயமில்லை. ஆனால் வீட்டிலிருந்து பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் குழாய் சூடேறாது, தண்ணீர் உள்ளேயே தங்கிச் சைலன்சரை உள்ளிருந்து அரிக்கும். வாரம் ஒருமுறை ஈப்போ வரை ஓட்டிவிட்டு வாருங்கள்.

‘டிக் டிக்’ சத்தம் பெரும்பாலும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் கசிவு. இரும்பு சூடாகி விரிந்ததும் இடுக்கு அடைபட்டுச் சத்தம் நிற்கும். நின்றுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் புகை காருக்குள் வரலாம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏர்கான் போட்டுக் காத்திருப்பவர்கள், நின்ற காருக்குள் தூங்குபவர்கள், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்: எக்சாஸ்ட் கசியும் காரில் அதைச் செய்யாதீர்கள்.

சாகா வைத்திருக்கும் பெரியவர்: பிளக் நல்ல நிறம், வயர் நல்லது, ஆனாலும் ஒரு சிலிண்டர் எரியவில்லை.

சைலன்சர் வாய்க்கு அருகே ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடியுங்கள். சீராகத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இடையிடையே உள்ளே இழுத்தால் எக்சாஸ்ட் வால்வு எரிந்திருக்கலாம். பட்டறையில் அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கட்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

லிந்தாங் தம்பி மறுபடியும்: அண்ணா, அடிப்பக்க வெடிப்பு கிடைத்துவிட்டது! முள் ஆடவில்லை. ஆனால் ஏர்கான் போட்டால் 500க்கு இறங்குகிறது.

அது ஐடில் மோட்டார், தம்பி. ஏர்கான் சுமை ஏறும்போது காற்றைக் கூட்டிவிடுவது அதன் வேலை. புதிது வாங்காதீர்கள். சனிக்கிழமை காலை கொண்டு வாருங்கள், கழற்றிச் சுத்தம் செய்து பார்ப்போம்.