அல்காலின் இரண்டாவது கிரகணம்

அன்புள்ள ஐயா,

அல்கால் என்ற இரட்டை விண்மீன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின், அது மங்குவதை மொட்டைமாடியில் நின்று நானே பார்த்தேன். இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றினால் ஒரு சுற்றில் இரண்டு முறை மங்க வேண்டுமே? ஒருமுறைதானே மங்குகிறது? அப்புறம், கண்ணுக்கே தெரியும் விண்மீனை எதற்கு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஆராய்கிறார்கள்?

(ஒரு வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். இரண்டு முறை மங்கத்தான் செய்கிறது. இரண்டாவது மங்கல் நம் கண்ணுக்கு எட்டாது.

அல்காலின் சுற்று 2 நாள் 20 மணி 49 நிமிடம். இங்கிலாந்தின் யார்க் நகரில், காது கேளாத ஜான் குட்ரிக் 1783இல் வெறுங்கண்ணால் பார்த்தே இந்தக் கணக்கைப் பிடித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 18.

இரண்டில் பிரகாசமான பிரதான விண்மீனின் வெப்பம் சுமார் 13,000 கெல்வின். துணையினுடையது 4,500தான். துணை உருவத்தில் பெரியது, ஆனால் ஒளி குறைந்தது. அது முன்னால் வந்து மறைக்கும்போது பொலிவு மூன்றில் ஒன்றாகச் சரிகிறது. அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். அதுவே பின்னால் போய் ஒளிந்தால் யாருக்கும் நட்டமில்லை. எரியும் பெட்ரோமாக்ஸ் பக்கத்தில் தணல் அடுப்பு இருந்தால் கண்ணுக்கு விளக்குதான் தெரியும். உள்ளங்கைக்கு அடுப்பும் தெரியும். அகச்சிவப்புக் கருவி அந்த உள்ளங்கை.

இரண்டாவது மங்கலை முதலில் பிடித்தவர் அமெரிக்காவின் ஜோயல் ஸ்டெபின்ஸ், 1910இல். ஒளியை உணரும் செலினியம் மின்கலத்தை ஐஸ் வைத்துக் குளிரவைத்து அளந்தார். ஆழம் ஆறு சதவீதம் அளவுக்குத்தான். என்ன பொறுமை! அகச்சிவப்பில் அதே மங்கல் நல்ல பள்ளமாகவே விழுகிறது, ஏனென்றால் அங்கே மொத்த ஒளியில் துணையின் பங்கு கணிசமானது. கிரகணம் இல்லாத நேரத்திலும் பொலிவைக் காட்டும் வரைகோடு சமமாக ஓடுவதில்லை. துணையில் சூடான விண்மீனைப் பார்த்த முகம் காய்ந்து கூடுதலாக ஒளிர்கிறது.

என்னைக் கேட்டால் துணைதான் சுவாரசியமான ஆள். இன்று அதன் நிறை சூரியனில் முக்கால் பங்குகூட இல்லை. ஒரு காலத்தில் இரண்டில் கனமானது அதுதான். முதுமையில் ஊதிப் பெருத்து, தன் வாயுவைப் பக்கத்து விண்மீனுக்குக் கொட்டிவிட்டது. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் உள்ள சாரா (CHARA) என்ற தொகுப்பின் தொலைநோக்கிகள் அகச்சிவப்பில் எடுத்த படங்கள் 2012இல் வெளிவந்தன. பிரதான விண்மீன் அவற்றில் உருண்டையாக இருக்கிறது. துணை அதன் பக்கமாக இழுபட்டு நீண்டிருக்கிறது.

அன்புடன்.