மூடுபனி ஏறுவதற்குள் மலை ஏறுங்கள்

ஆகஸ்டில் மூன்று நாள் மலைநாடு போக இருக்கிறோம். மகனுக்கு எல்ல என்ற ஊர் வேண்டும், எனக்கு ஹப்புத்தளை. அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கே தங்குவது? – வாசகி, வெள்ளவத்தை

ஹப்புத்தளை. அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான், கொட்டாஞ்சேனைக்கு வந்து எத்தனை காலமானாலும் சாய்வு அங்கேதான். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க அரைநாள் போதும். காலையில் பண்டாரவளை வழியாகப் போய் மாலையில் திரும்பிவிடலாம். இரவில் பாட்டுச் சத்தம் இல்லாத ஊரில் தூங்குவதுதான் அம்மாவுக்கு நல்லது.

தங்குமிடம் பிடிக்கும்போது படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஹப்புத்தளை ஒரு மலைமுகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். ஒரு பக்கம் ஊவாப் பள்ளம், மறுபக்கம் தெற்குச் சமவெளி. அதனால் நல்ல காட்சி உள்ள அறைகளில் பாதி, வீதிக்குக் கீழே சரிவில்தான் இருக்கும். தொலைபேசியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “வீதியிலிருந்து அறைக்கு எத்தனை படி?” அடுத்தது சுடுதண்ணீர். “இருக்கு” என்பார்கள், ஹீட்டரா, சூரிய ஒளியில் சுடுவதா என்று கேளுங்கள். மூடுபனி நாளில் இரண்டாவது பச்சைத் தண்ணீர்தான். வேன் பிடித்துப் போகிறீர்கள் என்றால் டிரைவருக்கு அறை உண்டா என்றும் கேளுங்கள். இரவெல்லாம் வேன் சீட்டில் சுருண்டு படுத்தவரை நம்பியா மறுநாள் அந்த வளைவுகளில் இறங்கப் போகிறீர்கள்?

இராச்சாப்பாடு அங்கேயே வேண்டுமென்றால் மத்தியானமே சொல்லிவிடுங்கள். சின்ன விடுதிகளில் ஆள் கணக்குப் பார்த்துத்தான் உலை வைப்பார்கள். ஆகஸ்டில் அங்கே மழை குறைவு. ஆனால் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, கதவைப் பிடுங்கும். அந்தக் காய்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறும். அது தேயிலைக்கு நல்லது, அம்மாவுக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

போவதற்கு ரயில் அழகு. ஆனால் மண்சரிவு வந்தால் முதலில் அடிபடுவது மலைநாட்டுப் பாதைதான். கோட்டை நிலையத்தில் விசாரித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள். தரைவழி என்றால் இரத்தினபுரி, பலாங்கொடை தாண்டிப் பெரகலைச் சந்தியில் ஏறுங்கள்.

லிப்டன் சீட்டுக்கு விடியமுன் போகத்தான் வேண்டுமா? – வாசகர், தெஹிவளை

வேண்டும். தேயிலைத் துரை லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த மலையுச்சி அது. ஒன்பது, பத்து மணிக்குள் கீழிருந்து மூடுபனி ஏறிவிடும். அதன்பிறகு போனால் லிப்டன் துரையின் சிலை மட்டும்தான் தெரியும். அதற்காக ஏன் அவ்வளவு தூரம்? வானம் துலங்கினால் உடவளவைக் குளம்வரை தெரியும்.

தம்பேதன்ன ஸ்டோரிலிருந்து (தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம்) உச்சிக்கு ஏறத்தாழ 7 கிலோமீற்றர். ஆட்டோ மேலே வரை போகும், முழங்கால் வலிக்காரரும் பார்க்கலாம். முடிந்தவர்கள் ஆட்டோவில் ஏறி, நடந்து இறங்குங்கள். ஸ்டோர் 1890இல் லிப்டன் கட்டியது. அதை ஞாயிறு, திங்களில் பார்க்கப் போகாதீர்கள். ஞாயிறு கொழுந்து எடுப்பதில்லை. திங்கள் எடுத்த கொழுந்து இரவு முழுக்க வாடித்தான் மறுநாள் ரோலருக்குப் போகும்.

இறங்கும் வழியில் கொழுந்து எடுப்பவர்களை நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள் நம் ஆட்கள். அவர்களுக்கு நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. குறைந்தால் அரைப் பேர்தான் விழும், அதாவது அரைநாள் சம்பளம். நீங்கள் செல்ஃபி எடுக்கும் நேரம் அவர்களுடைய கூடையிலிருந்து போகிறது. கேட்டுவிட்டு எடுங்கள், தலையசைத்தால் மட்டும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்கு டொஃபி வீசவும் வேண்டாம். அது என்ன பழக்கமோ!

விரத நாளில் போகிறோம். சைவச் சாப்பாடு கிடைக்குமா? – வாசகி, பம்பலப்பிட்டி

கிடைக்கும். காலையில் ரயில்வே நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் தோசை, ரொட்டி, சுடச்சுட வடை, பருப்பு. மத்தியானம் சோறு கறி. தமிழில் பேசியே எல்லாவற்றையும் வாங்கலாம். பொறி இருப்பது சம்பலில்: தேங்காய்ச் சம்பலிலும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலிலும் மாசிக் கருவாடு போடுவது அங்கே வழக்கம், அதை மரக்கறி என்றே தருவார்கள். “சைவமா?” என்று கேட்காதீர்கள், “மாசி போட்டதா?” என்று கேளுங்கள். இரவில் மரக்கறிக் கொத்து ரொட்டி வேண்டாம். முட்டைக் கொத்து போட்ட அதே இரும்புத் தட்டில்தான் அதையும் போடுவார்கள்.

விரதம் இல்லாத நாளில் தோட்டத்து ரொட்டியைக் கட்டைச் சம்பலோடு சாப்பிட்டுப் பாருங்கள், பிளேன் டீயும் சேர்த்து. கொழும்பில் அந்தத் தடிப்பில் ரொட்டி சுடுவாரில்லை.

தியலும நீர்வீழ்ச்சியின் மேலே உள்ள தடாகத்தில் குளிக்கலாமா? – வாசகர், மருதானை

மேலே மழை இருட்டினால் இறங்கவே வேண்டாம், நீச்சல் தெரிந்தாலும். 220 மீற்றர் விழும் அருவியின் விளிம்பு அது. கீழே வீதியில் நின்று பார்த்தாலே முழு அருவியும் தெரியும்.

அடிசம் பங்களா பூட்டியிருந்தது. எப்போது திறப்பார்கள்? என்ன வாங்கலாம்? – வாசகி, கொள்ளுப்பிட்டி

அது ஹோட்டல் இல்லை, பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி), பாடசாலை விடுமுறை நாட்களில்தான் பார்வையாளர்களை விடுவார்கள். 1931இல் தோமஸ் வில்லியர்ஸ் என்ற துரை, தான் பிறந்த இங்கிலாந்துக் கிராமத்தின் பெயரை வைத்துக் கட்டிய கல் மாளிகை. உள்ளே சில அறைகள் மட்டும்தான் காட்டுவார்கள், படம் எடுக்க முடியாது. பக்கத்துத் தங்கமலைக் காட்டில் பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு காலை போதாது.

வாங்குவதென்றால் துறவிகள் செய்யும் கொய்யா ஜெலி. ஸ்ட்ரோபெரி ஜாமும் உண்டு, எனக்கு அது இனிப்புக் கூட. தேயிலையை வழிக்கடையில் வாங்காமல் ஸ்டோரிலேயே கேட்டு வாங்குங்கள்.