கதவைத் திறந்தவர் பார்க்க வேண்டாமா?

கேள்வி: ஹெல்மெட் இல்லாமல் நான் ஸ்கூட்டரை எடுப்பதே இல்லை. சென்ற மாதம் கடைவீதியில் ஓரமாக நிறுத்தியிருந்த காரின் கதவு திடீரென்று திறந்ததில், மோதி விழுந்து தோள் எலும்பு முறிந்துவிட்டது. காரோட்டி இறங்கி வந்து, "பார்த்து வரக்கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். யார் பார்த்திருக்க வேண்டும்?
— மதுரை வாசகர் ஒருவர்

பதில்: அவர்தான். மூடிய கதவு எந்த நொடியில் திறக்கும் என்று பின்னால் வருகிறவருக்கு ஜோசியமா தெரியும்? உள்ளே இருப்பவருக்குப் பக்கவாட்டுக் கண்ணாடி இருக்கிறது, திருப்புவதற்குக் கழுத்தும் இருக்கிறது.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. முதலிடம் என்றால் மேடை போட்டுக் கொண்டாடுகிற நாம், இதை மட்டும் சுவரொட்டியில் போடுவதில்லை.

இதற்கு நாம் அதிகம் நம்பியிருப்பது ஹெல்மெட் சோதனையை. ஹெல்மெட் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் துள்ள வேண்டாம். உங்கள் தலை தப்பியது அதனால்தான். ஆனால் அது அடி விழுந்த பிறகு காக்கிற பொருள், அடிப்பவரை அது தடுக்காது. வெறுந்தலை தூரத்திலிருந்தே தெரியும், 1,000 ரூபாய்க்கு ரசீது கிழித்துவிடலாம். இண்டிகேட்டர் போடாமல் இடப்பக்கம் வெட்டுகிறவரையும், செல்போனைப் பார்த்தபடி ஸ்டீயரிங் பிடிக்கிறவரையும் பிடிக்க வேண்டுமானால் சாலையைக் கவனிக்க வேண்டும். அரசின் காரணப் பட்டியலைப் பாருங்கள்: சாவுகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் 'அதிவேகம்' என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிடுகின்றன. நின்றிருந்த காரின் கதவை எந்தத் தலைப்பில் சேர்ப்பார்களோ!

லைசென்ஸ் கொடுக்கும்போதாவது இதைச் சொல்லித்தருகிறோமா? பைக்குக்கு 'எட்டு' போட்டுக் காட்டினால் போதும். காருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்தால் பெரிய விஷயம். இறங்குவதை யாரும் சோதிப்பதில்லை. நெதர்லாந்தில் ஒரு பழக்கம் உண்டு: கதவின் பக்கம் இருக்கும் கையால் திறக்காமல், எதிர்க் கையை நீட்டித் திறப்பார்கள். நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் இடது கையால் வலப்பக்கக் கதவைத் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் வரும் வண்டியைப் பார்த்துவிடும். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிற பிரிட்டன் 2022-இல் இதைத் தன் சாலை விதி நூலில் சேர்த்துக்கொண்டது. செலவு ஒரு பைசா இல்லை. ஒருவேளை அதனால்தான் இங்கே யாருக்கும் அக்கறை வரவில்லை.

பைக் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நினைக்க வேண்டாம். எதிர்த்திசையில் வருவது, ஹெல்மெட்டுக்குள் செல்போனைச் செருகிப் பேசுவது, பஸ் நிற்கும்போது அதன் இடப்பக்கமாக நுழைந்து இறங்குகிறவர் மேல் மோதுவது எல்லாம் அவர்கள் வேலைதான். நிற்கும் கார்களை ஒரு கதவு அகலம் தள்ளிக் கடப்பது உங்களுக்கும் நல்லது. கடைவீதியில் அந்த இடம் கிடைக்காது என்பதும் தெரியும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எலும்பு முறிவு சட்டத்தின் கணக்கில் கொடுங்காயம். கவனக்குறைவால் அதை உண்டாக்கியவருக்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. "அவர் ஓட்டவே இல்லையே, வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது?" என்று போலீஸ் நிலையத்தில் கேட்டால் மிரள வேண்டாம். அந்தப் பிரிவு ஓட்டுவதை மட்டும் பேசவில்லை, ஆபத்து விளைவிக்கும் எந்தச் செயலையும் பேசுகிறது. இழப்பீட்டுக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் இருக்கிறது. தீர்ப்பானால் பணம் தர வேண்டியது பெரும்பாலும் அந்தக் காரின் காப்பீட்டு நிறுவனம்தான். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்கிறது சட்டம். ஒரு மாதம் போய்விட்டது. மருத்துவமனை ரசீதுகளோடும் அந்தக் காரின் எண்ணோடும் இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.