மர விமானம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வான்சாகச விமானங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், வானில் முதலில் குட்டிக்கரணம் அடித்தவர் பிரெஞ்சுக்காரரான பெகூ என்றிருந்தது. அவர் ரஷ்யரான நெஸ்தெரோவ் அல்லவா? மேலும், கேப் 10 போன்ற மர விமானங்களை இத்தனை கொண்டாட வேண்டுமா? உலோகத்தின் காலத்தில் அவை பொம்மைகள்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நெஸ்தெரோவ்தான். 1913 செப்டம்பர் 9ல் அவர் கீவில் செய்ததை, பெகூ 12 நாள் கழித்தே பாரிசை அடுத்த புக் தளத்தில் செய்தார். பிழை என்னுடையது, திருத்திவிட்டேன்.

ஆனால் ‘பொம்மை’ என்று நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. மரம் என்றதும் மட்டமாக நினைக்கும் பழக்கம் படித்தவர்களிடம்தான் அதிகம். க்ளோத் பியெல் 1950களில் எமரோட் விமானத்தை வரைந்தபோது, தச்சு தெரிந்தவர் வீட்டிலேயே கட்டிக்கொள்ளும்படி வரைந்தார். அதன் வழியில் வந்ததே 1968ல் பறந்த கேப் 10. ஸ்ப்ரூஸ் மரத்தால் இறக்கையின் உத்திரம், அதன்மேல் ஒட்டுப்பலகை, 180 குதிரைத்திறன் எஞ்சின், ஆசிரியரும் மாணவரும் தோளோடு தோள் உட்கார இரண்டு இருக்கைகள். ஓகுஸ்த் முத்ரி நார்மண்டியின் பெர்னேயில் கட்டிய இந்த விமானத்தில்தான் பிரெஞ்சு விமானப்படை தன் விமானிகளைப் பழக்கியது. பொம்மையிலா பழக்குவார்கள்?

உலோகம் வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து களைத்துப்போகும். நல்ல மரம், அதன் எல்லைக்குள் வைத்திருக்கும்வரை, அந்தக் களைப்பை எளிதில் அறியாது. எல்லையை மீறினால் அதன் நார்கள் உள்ளுக்குள் நசுங்கும், அது வெளியே தெரியாது என்பதையும் மறைக்க மாட்டேன். பிற்காலத்துக் கேப் 10சியின் உத்திரத்தில் கார்பன் இழை சேர்ந்ததும், 2000ல் ம்யூரே நகரில் எரிக் வாசெய் வான்சாகசத்தில் உலகப் பட்டம் வென்ற கேப் 232க்குக் கார்பன் இறக்கை அமைந்ததும் வளர்ச்சிதான். ஆனால் அந்த 232க்கும் உடல் மரமே!

பல ஆண்டுகளுக்கு முன் பிரான்சில் ஒரு சிறிய பறப்புக் கழகத்தின் கொட்டகையில், முதிய மெக்கானிக் ஒருவர் கேப் 10 ஒன்றின் இறக்கையை விரல்முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டபடி நகர்வதைப் பார்த்தேன். பசை விட்டுப்போன இடத்தில் ஓசை மங்கும். ஓரிடத்தில் நின்று மூன்று முறை தட்டினார். பிறகு பென்சிலால் அங்கே ஒரு வட்டம் போட்டுவிட்டு, தலைக்கவசத்தோடு காத்திருந்த இளைஞனிடம் இன்று பறக்க வேண்டாம் என்றார். அவன் ஒரு வார்த்தை பேசாமல் வந்து, அந்த வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தான்.