ஐப்பசி மழையில் காட்டு அருவிக்குப் பைக்கில் செல்லலாமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையைச் சேர்ந்த நண்பர்கள் ஆறு பேர், இரண்டு 125 சிசி பைக்குகளிலும் ஒரு ஸ்கூட்டரிலும் சேர்வராயன் மலையின் உட்காட்டு அருவிகளைப் பார்க்க ஐப்பசியில் செல்லவிருக்கிறோம். என்ன முன்னேற்பாடுகள் தேவை?

பதில்: எந்த அருவிக்குச் செல்வது என்பதை முதலில் தீர்மானியுங்கள். ‘யாரும் அறியாத அருவி’ என்று காணொளிகளில் காட்டப்படும் இடங்களில் பல காப்புக்காட்டுக்குள்ளோ தனியார் காப்பித் தோட்டத்துக்குள்ளோ இருக்கின்றன. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். தோட்டமாயின் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்த பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வகுக்கப்பட்டன. எனவே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உட்காட்டுக்குப் போகாதீர்கள். முதல் பயணத்துக்கு, ஏற்காடு ஏரியிலிருந்து சுமார் 3 கி.மீ. தொலைவில் 300 அடி உயரத்திலிருந்து விழும் கிளியூர் அருவியே போதுமானது என்பது என் கருத்து.

அடுத்தது நீர்வரத்து, இதில்தான் உங்கள் முழுக் கவனமும் இருக்க வேண்டும். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் உபரிநீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. ஆகவே நீங்கள் நிற்கும் பாறையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும், மேலே பெய்த மழை சிறிது நேரத்தில் கீழே வெள்ளமாக வந்துசேரும். ஆத்தூர் அருகே கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள ஆனைவாரி அருவியில் 2021 அக்டோபரில் இப்படித் திடீரெனப் பெருக்கெடுத்த நீரில் சிக்கிய தாயும் குழந்தையும் பெரும்பாடுபட்டு மீட்கப்பட்டனர். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, அருவியின் இரைச்சல் கூடினாலோ, பொருள்களை எடுக்கவும் தாமதிக்காமல் உடனே கரையேறிவிடுங்கள். ஓடையைக் கடந்துதான் திரும்ப வேண்டும் என்ற நிலையுள்ள இடத்துக்கு மழைக்காலத்தில் செல்லவே வேண்டாம். ஐப்பசியில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வலுக்கும் என்பதால், காலையிலேயே அருவியைப் பார்த்துவிட்டு, நண்பகல் கடந்ததும் புறப்பட்டுவிடுவது நல்லது.

மலையேறுவதைக் காட்டிலும் இறங்குவதுதான் வண்டிக்குக் கடினம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இறங்கும்போது பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் ஷூ சூடேறிப் பிடிமானம் குறையும். டிஸ்க் பிரேக்கில் பழைய பிரேக் ஆயில் கொதித்து, லீவர் தொய்ந்து, அழுத்தினாலும் வண்டி நிற்காது. ஆகவே இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் இறங்கி, எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி விட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்குகளையும் இடைவெளி விட்டு விட்டு அழுத்துங்கள். பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக எஞ்சினை அணைத்து நியூட்ரலில் இறங்குவது மிகவும் ஆபத்தானது. ஸ்கூட்டரில் இந்த எஞ்சின் பிடிப்பு குறைவு; அதிலும் இருவர் அமர்ந்து ஈரச் சாலையில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதிலாக மூன்றாவது பைக் ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள், அல்லது இரண்டு பேர் பேருந்தில் வரட்டும். பேருந்துகள் திரும்பும்போது வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பதால் அவை கடக்கும்வரை ஓரமாக நில்லுங்கள்; ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிடுவதே முறை.

டயரின் பட்டன் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பெட்ரோலைச் சேலத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பின்னால் அமர்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். காட்டெருமை எதிர்ப்பட்டால் ஹாரன் அடிக்காமல், தொலைவிலேயே நிறுத்தி அது விலகும்வரை காத்திருங்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து தடைபட்டது. எனவே கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் பயணத்தைத் தள்ளிவையுங்கள். உள்ளே செல்லச் செல்ல செல்போன் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால், அடிவாரம் வழியாகச் செல்கிறீர்களா, மற்றொரு பாதையான குப்பனூர் வழியாகவா, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பவற்றை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.