பச்சை உடம்போடு அவள் போகலாமா?

கேள்வி: மருமகளுக்கு பிரஷர் ஏறிவிட்டதால் 29 வாரத்திலேயே ஆப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, 1.1 கிலோ. ஈப்போ பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். இன்றோடு ஒன்பது நாள். எடை 1 கிலோவுக்கு இறங்கிவிட்டதாம். முதல் நாள் அழுவதுபோல் முகத்தைச் சுளித்தாள், சத்தமே வரவில்லை என்றான் மகன். மருமகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். தினமும் பிள்ளையைப் பார்க்கப் போகணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பச்சை உடம்பு, காற்று பட்டால் என்ன ஆவது? நானெல்லாம் தோட்டத்து லயத்தில் 30 நாள் வாசல்படி தாண்டவில்லை. இன்னொன்றும் உண்டு, அவளிடம் சொல்லவில்லை. தூக்கிப் பழகிய பிறகு ஒன்று ஆகிப்போனால் தாங்குவாளா? ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசம்தான் தங்காது என்பார்கள். அதை நம்பித்தான் இருக்கிறேன். நான் தடுப்பது தப்பா?
– ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: போகட்டும் அம்மா. நாளைக்கே போகட்டும்.

பச்சை உடம்பு என்பது நீங்கள் மருமகளிடம் சொன்ன காரணம். கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உள்ளே இருக்கும் காரணம் என்று படுகிறது. ஏழு மாசம் சுமந்தவளுக்குப் பாசம் இனிமேல்தானா ஒட்டப்போகிறது? பச்சிளம் குழந்தைகள் வார்டில் மிஸ்ஸியாக (நர்ஸாக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தூக்காமல் விட்டேனே என்று அழுதவர்கள் உண்டு. ஏன் தூக்கினேன் என்று அழுத ஒருத்தி என் நினைவில் இல்லை.

அந்த ஏழு மாசக் கணக்கு எங்கள் வீட்டிலும் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் என் அம்மாவுக்கு எட்டாம் மாசத்தில் ஒரு தம்பி பிறந்தான். பஞ்சில் சுற்றி அடுப்போரம் வைத்திருந்தார்கள். நெஞ்சுக்குழி உள்ளே உள்ளே இழுக்க, முனகி முனகி மூச்சு விட்டு, இரண்டாம் நாள் போய்விட்டான். 'எட்டு மாசமாச்சே' என்று லயமே சொன்னது. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான், 2.1 கிலோ. அவனும் இரண்டு நாளில் மூச்சுத் திணறலில்தான் போனான். அதிபர் வீட்டுக்கும் அன்றைக்கு மருந்து கிடையாது.

பசாரில் மீன் வாங்கும் பிளாஸ்டிக் பை ஈரமானால் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறதல்லவா? குறைமாசப் பிள்ளையின் நுரையீரல் அப்படித்தான். ஒட்டாமல் வைக்கும் வழுவழுப்பு ஒன்று வயிற்றில் கடைசி வாரங்களில்தான் போதுமான அளவு ஊறும். 1980இல் ஜப்பான் மருத்துவர் ஃபுஜிவாரா அதை வெளியிலிருந்து மூச்சுக்குழாய் வழியாகவே ஊற்றிக் காட்டினார். (மாட்டின் நுரையீரலிலிருந்தோ பன்றியின் நுரையீரலிலிருந்தோ எடுப்பது. வேண்டாம் என்று சொன்ன குடும்பத்தை நான் பார்த்ததில்லை.) அதற்கும் முன்பே, 1972இல், பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படும் என்று நியூசிலாந்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் மருமகளுக்கும் ஆப்பரேஷனுக்கு முன் அந்த ஊசி போட்டார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே எட்டாம் மாசத்தின் மேல் எந்தப் பழியும் இல்லை. வயிற்றில் ஒரு வாரம் கூடினால் ஒரு வாரப் பலம் கூடும், அவ்வளவுதான். உங்கள் ஆறுதலைப் பிடுங்குவதாக நினைக்காதீர்கள், வேறொன்று தருகிறேன்: 28 வாரம் தாண்டி, 1 கிலோவுக்கு மேல் பிறந்து, வசதியுள்ள வார்டில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்து வீடு வந்து சேர்கிறார்கள். மூளையில் ரத்தம் கசியும் ஆபத்தும் முதல் சில நாட்களில்தான் அதிகம். ஒன்பது நாள் தாண்டியிருக்கிறாள் உங்கள் பேத்தி.

எடை இறங்கியது சாப்பாடு கொடுக்காததால் அல்ல. பிறந்த பிள்ளை உடம்பில் இருக்கும் நீரை முதலில் இறக்கும். பத்து, பதினான்கு நாளில் பிறந்த எடைக்குத் திரும்பும். சத்தம் வராததற்குக் காரணம், மூச்சு விட வைக்கத் தொண்டைக்குள் விட்டிருக்கும் பிளாஸ்டிக் குழாயாகத்தான் இருக்கும். அது குரல் நாண்களுக்கு நடுவே போகிறது, பிள்ளை எவ்வளவு கத்தினாலும் காற்று அங்கே உரசாது. குழாயை எடுத்த பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு குரல் வரும். அதைக் கேட்க அம்மா அங்கே இருக்க வேண்டாமா?

அவள் போய் என்ன செய்யப்போகிறாள் என்பீர்கள். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் கண்ணாடிப் பெட்டி போதாமல், பிள்ளைகளைத் தாயின் வெறும் மார்பில் சேர்த்துக் கட்டி வைத்தார்கள். கங்காரு முறை என்று பெயர். அந்தக் காலத்தில் ஏழைகளின் வழி என்றுதான் பலர் நினைத்தார்கள். 2021இல் இந்தியா, கானா உட்பட ஐந்து நாடுகளில் 3,200க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் செய்த ஆய்வு வந்தது. எல்லாரும் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்தவர்கள், உங்கள் பேத்தி ரகம். நிலை சரியான பிறகே மார்பில் வைத்தவர்களில் 100க்கு 16 பேர் போல ஒரு மாசத்துக்குள் இறந்தார்கள். பிறந்த உடனே வைத்தவர்களில் 12 பேர். பெட்டியும் மருந்தும் இரண்டு பக்கமும் இருந்தன, மார்புச் சூடு சீக்கிரம் கிடைத்ததுதான் வித்தியாசம். மூக்கில் காற்றுக்குழாய் இருந்தாலும் பிள்ளை நிலையாக இருந்தால் வைக்கலாம். டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். தாய்க்கு முடியாத நாளில் அப்பனும் வைக்கலாம். வார்டு விட்டால் பாட்டியும்.

அடுத்தது பால். இந்தப் பிள்ளைகளின் குடல் அழுகிப்போகும் ஒரு பொல்லாத நோய் உண்டு. தாய்ப்பால் அதைக் குறைக்கிறது, பால்மாவு அப்படிக் குறைப்பதில்லை. முதலில் 1 மில்லிதான் கொடுப்பார்கள், தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. அதனால் பால் கொஞ்சமாக வருகிறதே என்று அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம், ராத்திரியும் சேர்த்து, பீய்ச்ச வேண்டும். போத்தலில் பெயர், தேதி, நேரம் எழுதி, ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுபோக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி விடும் வேலை உங்களுக்கு. உங்கள் பத்தியச் சமையல் அங்கேதான் பலிக்கும்: பூண்டு, பால்சுறா புட்டு, எல்லாம் தாராளமாகக் கொடுங்கள்.

வயிறு கிழித்த உடம்பு, ஓய்வு வேண்டும் என்று நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ 30 கிலோமீட்டர் போல. மகன் ஓட்டட்டும், அவள் மோட்டாரில் போக வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலி கேளுங்கள். நான் காற்றுக்குப் பயப்படவில்லை, பிரஷருக்குத்தான் பயப்படுகிறேன். பிள்ளையை எடுத்துவிட்டாலும் அது ஆறு வாரம் வரை மறுபடி ஏறலாம். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் 'பத்தியக் கோளாறு' என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சலோ அதிக ரத்தப்போக்கோ வந்தாலும் அப்படியே. அன்னாசி தின்றதால்தான் இப்படி ஆச்சு என்று யாராவது ஆரம்பித்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

எல்லாப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் வளரும் என்று நான் சொன்னால் பொய். சிலருக்கு நடை தாமதமாகும், சிலருக்குப் படிப்பில் சிரமம் வரும், சிலருக்குக் கை கால் விறைக்கும். பிறந்து நாலு முதல் ஆறு வாரத்தில் கண் விழித்திரைச் சோதனை உண்டு. அதற்குள் வீட்டுக்கு விட்டிருந்தாலும் அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள், தவறினால் பார்வையே போகக்கூடும். காதுச் சோதனையும் அப்படி. தடுப்பூசி பிறந்த தேதிப்படி. தவழ்வது, உட்கார்வது மட்டும் பிறந்திருக்க வேண்டிய தேதிப்படி. இவள் 11 வாரம் முந்தியவள், ஆறு மாசம் ஆகும்போது மூன்றரை மாசப் பிள்ளை என்றுதான் கணக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு அளக்க வேண்டாம்.

ஒன்று சொல்ல மறந்தேன். மகன் குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகளைப் பெட்டியில் எடுத்து வைத்திருப்பீர்கள், நம் வீடுகளில் எல்லாரும் வைத்திருப்போம். பாச்சை உருண்டை போட்டு வைத்த துணி இந்தப் பிள்ளை மேல் படவே கூடாது. ஜி6பிடி குறைபாடு (ரத்த அணுக்களைக் காக்கும் ஒரு பொருள் பிறவியிலேயே குறைவாக இருப்பது) இருந்தால் அந்த வாடையே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையை ஏற்றிவிடும். நம் மலேசியாவில் பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் அதைச் சோதிப்பார்கள், முடிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதுத்துணி நாலு வாங்கித் துவைத்து வையுங்கள். நாளைக்கு மருமகளுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை. பின் சீட்டில் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள்.